நாடு யாருக்குச் சொந்தம்? புதுச்சேரியிலிருந்து பத்து வருஷம் கேட்ட பாரதி

நீங்க தினமும் பார்க்கிற ஒரு நியூஸ் சேனலை ஒரு நாள் காலையில திறக்கிறீங்க. எதுவும் ஓடலை. அதை நடத்துறவர் எல்லை தாண்டிப் போயிட்டார். அங்கிருந்து அப்லோடு பண்ணிக்கிட்டுதான் இருக்கார். ஆனா உங்க ஊர்ல மட்டும் அது திறக்காது. இன்னிக்கு உலகத்துல பல நாடுகள்ல இது சாதாரணமான விஷயம்.

இதே விஷயம் 1910-ல் நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்கும் வந்துச்சு. அன்னிக்கு நெட் கிடையாது, தபால்தான். முடக்கப்பட்டது ஒரு வாரப் பத்திரிகை. பேரு 'இந்தியா'. அதன் ஆசிரியர் சி. சுப்பிரமணிய பாரதி.

முண்டாசு, மீசை, அனல் பார்வை. ஸ்கூல் சுவர்ல பார்த்த அந்த பாரதியை நமக்கெல்லாம் தெரியும். டிசம்பர் 11 வந்தா ஸ்டேட்டஸ்ல வைப்போம். ஆனா 39 வருஷம்கூட முழுசா வாழாத அந்த மனுஷன், அதுல பத்து வருஷத்தைச் சொந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாத அகதியா கழிச்சார். அந்தப் பத்து வருஷத்துல அவர் சும்மா இருக்கலை. ஒரே ஒரு கேள்வியை எல்லா ராஜாக்களையும் பார்த்துக் கேட்டுக்கிட்டே இருந்தார். நாடு யாருக்குச் சொந்தம்? ஆள்றவனுக்கா, அதுல வாழ்றவனுக்கா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பத்தினது.

ஒரு பத்திரிகை, ஒரு கைது

பாரதி 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். அந்த ஊர் ஜமீன். சின்ன வயதில் பட்டம் கிடைத்ததும் அந்த அரண்மனை வட்டாரத்தில்தான், கொஞ்ச காலம் வேலை பார்த்ததும் அங்கேதான். ஒரு குட்டி ராஜாவின் சபை எப்படி நடக்கும், அங்கே யார் யாருக்குத் தலையாட்ட வேண்டும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்திலிருந்தே பார்த்தவர்.

1904-ல் மதுரையில் சில மாதங்கள் தமிழ் வாத்தியார். பிறகு சென்னைக்கு வந்து ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியர். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்ப்பதுதான் முக்கிய வேலை. ரஷ்யாவில் என்ன, ஜப்பானில் என்ன, துருக்கியில் என்ன என்று தினமும் உலகத்தை மொழிபெயர்த்த அனுபவம், பிற்பாடு அவர் எழுத்து முழுக்கத் தெரியும்.

1906-ல் மண்டயம் திருமலாச்சாரியார் குடும்பத்தின் ஆதரவில் 'இந்தியா' வாரப் பத்திரிகை ஆரம்பமானது. பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையே அது தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு அரசியல் கார்ட்டூனைக் கொண்டுவந்ததும் அதுதான். இன்றைக்கு நீங்கள் ஷேர் பண்ணும் அரசியல் மீம்களுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும், இல்லையா? அதனால்தான் அரசாங்கத்துக்கு அது எரிச்சலாக இருந்தது.

1908 வந்தது. தூத்துக்குடியில் பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளை மார்ச்சில் கைதானார். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. சுப்பிரமணிய சிவாவுக்கும் சிறை. அதே வருடம் ஜூனில் பத்திரிகைகளை ஒடுக்கப் புதுச் சட்டம் ஒன்றும் வந்திருந்தது. அடுத்து யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகஸ்டில் போலீஸ் 'இந்தியா'வைத் தேடி வந்தது. பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியராகப் பதிவு ஏட்டில் இருந்த பெயர் எம். சீனிவாசன். எழுதியது பெரும்பாலும் பாரதி, பெயர் சீனிவாசனுடையது. கைதானவரும் சீனிவாசன்தான். ராஜத்துரோக வழக்கில் அவர் சிறைக்குப் போனார். பாரதி நண்பர்கள் சொன்னபடி புதுச்சேரிக்கு ரயில் ஏறினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் கொண்டாடும் கதைகளில் இந்தச் சீனிவாசன் பெரும்பாலும் வருவதில்லை. போஸ்ட் போட்டவர் தப்பித்தார், அட்மின் மாட்டிக்கொண்டார் என்று இன்றைய பாஷையில் சொன்னால் குரூரமாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். பாரதியின் சுதந்திரத்துக்கான விலையில் ஒரு பகுதியை வேறு ஒருவர் கட்டினார். இதை மறைத்துவிட்டு பாரதியைப் புகழ்ந்தால் அது அரைக்கதைதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

இன்றைக்குப் பெரம்பலூரில் காலையில் பஸ் ஏறினால், விழுப்புரத்தில் மாறி, மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி போய்விடலாம். நடுவில் ஒரு ஆர்ச், ஒரு போர்டு, விலை குறைந்த பெட்ரோல். அவ்வளவுதான் எல்லை. 1908-ல் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது வேறு நாடு. பிரெஞ்சு ஆட்சி. சென்னை மாகாணப் போலீஸின் வாரன்ட் அங்கே செல்லாது.

இன்னொரு விஷயமும் அங்கே இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சாதாரண ஆளுக்கு ஓட்டு என்பதே கனவாக இருந்த காலத்தில், பிரெஞ்சு இந்தியாவின் ஆண்கள் ஓட்டுப் போட்டு பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினரையே அனுப்பினார்கள். நடைமுறையில் அந்தத் தேர்தல்கள் அடிதடிக்கும் குண்டர்களுக்கும் பேர் போனவை. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு என்று ஒன்று இருந்தால் மட்டும் மக்களாட்சி வந்துவிடாது என்பதையும் பாரதி அங்கேதான் கண்ணால் பார்த்தார்.

1908 அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியில் மறுபடி வெளிவந்தது. கூடவே 'விஜயா', 'சூரியோதயம்', 'கர்மயோகி' என்று வேறு பத்திரிகைகளும். அச்சாவது பிரெஞ்சு மண்ணில். வாசகர்கள் இருப்பதோ பிரிட்டிஷ் மண்ணில். நடுவில் தபால் பை.

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அப்போ திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். உடையார்பாளையத்துல ஒரு வாத்தியார் 'இந்தியா'வுக்குச் சந்தா கட்டியிருந்தார்னு வெச்சுக்குங்க. கற்பனைதான். ஆனா அவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பத்திரிகை வருதான்னு தபால்காரரைத் தினமும் கேட்கவும் பயம். கேட்டா, யார் கேட்டாங்கங்கிற தகவல் ஸ்டேஷனுக்குப் போயிடுமோன்னு ஒரு யோசனை.

1910-ல் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. அச்சகம் வைத்திருப்பவர்களிடம் அரசு ஜாமீன் பணம் கேட்கலாம், பிடிக்காததை அச்சடித்தால் அதைப் பறிமுதல் செய்யலாம், தபாலில் வரும் பிரதிகளையும் நிறுத்தலாம். புதுச்சேரிக்குள் போய் பாரதியைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், யாரும் படிக்க முடியாது. 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது. மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. எழுதுபவரின் கையைக் கட்டாமல் படிப்பவரின் கண்ணைக் கட்டும் வித்தை இது. இன்றைக்கும் இது மாறவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தார். அக்டோபரில் நம்ம திருச்சி வரகனேரிக்காரர் வ.வே.சு. ஐயர் லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பி அங்கே வந்து சேர்ந்தார். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதும் நிலைமை மோசமானது. புதுச்சேரி அகதிகள் எல்லாரும் சந்தேக வளையத்துக்குள் வந்தார்கள். சென்னை மாகாண சிஐடி போலீஸார் புதுச்சேரித் தெருக்களிலேயே முகாம் போட்டு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் தங்க வேண்டுமானால் ஐந்து கௌரவ நீதிபதிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகமும் விதி போட்டது. கலவை சங்கர செட்டியார் என்ற உள்ளூர்ப் பெரியவர் முன்நின்று உதவியதால்தான் அந்தக் கண்டத்தைத் தாண்ட முடிந்தது.

வீட்டில் வறுமை. வாடகை பாக்கி. மனைவி செல்லம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் அழகான கதையாகச் சொல்கிறோம். அந்த அரிசியை அடுத்து எங்கே போய்க் கடன் வாங்குவது என்று யோசித்தவர் செல்லம்மாள். எழுத்தாளரின் அஞ்ஞாதவாசம் என்றால் அதில் வீட்டில் இருப்பவர்களின் வனவாசமும் சேர்த்திதான்.

சூதாட்டத்தில் ஒரு நாடு

பத்திரிகை போனது. நேரடி அரசியல் எழுத வழியில்லை. பாரதி என்ன செய்தார்? எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய கதையைக் கையில் எடுத்தார். மகாபாரதத்தில் சூதாட்டம். 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது.

திரௌபதியை பாரத மாதாவாகப் பார்ப்பதுதான் நாம் பள்ளியில் படித்த விளக்கம். சரிதான். ஆனால் அந்தக் காவியத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். தருமன் நாட்டைப் பணயமாக வைக்கும் இடத்தில் பாரதி கதையை நிறுத்திவிட்டு நேரடியாகத் திட்ட ஆரம்பிக்கிறார். திட்டு வாங்குவது துரியோதனன் இல்லை, நல்லவன் என்று பேர் எடுத்த தருமன். காவலுக்கு வைத்த ஆள் வீட்டையே அடகு வைத்தால் எப்படி இருக்கும், பூஜை செய்ய வந்தவர் சாமி சிலையையே விற்றால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது நீ செய்வது என்கிறார். நாட்டில் இருக்கும் ஜனங்களும் தன்னைப் போல மனிதர்கள்தான் என்று ராஜாக்களுக்குத் தோன்றுவதே இல்லை, மந்தை ஆடுகளாகத்தான் தெரிகிறது என்பது அவர் ஆத்திரம்.

நம்ம ஜெயங்கொண்டம் பக்கம் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்க. ராஜேந்திர சோழன்னா நமக்கு ஒரு பெருமை. பாரதிக்கும் பழந்தமிழ் மன்னர்கள் மேல பெருமை உண்டு. ஆனா ராஜா நல்லவரா கெட்டவரா என்பதோட அவர் நிக்கலை. நல்ல ராஜாவா இருந்தாலும், நாட்டை அவர் இஷ்டத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியும்னா அங்கே ஏதோ தப்பு இருக்குன்னார்.

இன்னொரு இடம். பாஞ்சாலியைத் தெருவில் இழுத்து வருகிறார்கள். அஸ்தினாபுரத்து ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், ஐயோ பாவம் என்று புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலை பாரதி மன்னிக்கவே இல்லை. இழுத்துப் போகிறவன் மேல் உள்ள கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம், சும்மா நின்ற கூட்டத்தின் மேல் வருகிறது. தெருவில் ஒருவரை அடிக்கும்போது ஃபோனை நீட்டி வீடியோ எடுக்கும் நம்மை நூறு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துவிட்டாரோ என்று தோன்றும்.

கொடுங்கோல் ஆட்சி ஒரு ஆளால் மட்டும் நடப்பதில்லை. மக்கள் தங்களை ஆடாக நினைத்துக்கொள்வதும் அதற்குத் தேவை. இதை ஒரு புராணக் கதைக்குள் வைத்து அனுப்பினார் பாரதி. இன்றைய பாஷையில் அதுதான் அவருடைய வி.பி.என்.

எதிரிக்கு எதிரி நண்பனா?

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. பாரதியின் கொள்கைக்கு நிஜமான பரீட்சை இப்போதுதான்.

நிலைமையைப் பாருங்கள். பாரதியை ஊருக்குள் விடாமல் வைத்திருப்பது பிரிட்டன். அந்தப் பிரிட்டனை அடிக்கக் கிளம்பியிருப்பது ஜெர்மனி. செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. சாமர்த்தியக்கார ஆளை நாம் இன்னும் எம்டன் என்றுதான் சொல்கிறோம். பெர்லினில் செண்பகராமன் பிள்ளை உள்ளிட்ட இந்தியப் புரட்சியாளர்கள் ஜெர்மன் அரசோடு சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். எதிரிக்கு எதிரி நண்பன். அவர்கள் தியாகத்தில் குறை சொல்ல முடியாது, கணக்கும் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

பாரதி அந்தக் கணக்கைப் போடவில்லை. ஜெர்மனி பிரான்ஸைத் தாக்க வழி கேட்டது, நடுநிலையில் இருந்த குட்டி நாடு பெல்ஜியம் முடியாது என்றது. ஜெர்மன் படை அதன் மேல் ஏறி மிதித்துப் போனது. பாரதி அந்தப் பெல்ஜியத்தை வாழ்த்தி ஒரு கவிதை எழுதினார். தோற்றுப்போன நாட்டுக்கு வாழ்த்துப் பாட்டு! முறத்தால் புலியை அடித்த மலைக்குறப் பெண்ணோடு அந்த நாட்டை ஒப்பிட்டார். பலசாலி வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறந்துவிடுவது சுலபம், மானத்தோடு முடியாது என்று சொல்லிவிட்டு விழுவது கஷ்டம். அந்த விழுதல் கேவலம் இல்லை என்பது பாட்டின் சாரம்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பெல்ஜியம் பிரிட்டனோட கூட்டாளிதானே, அதைப் பாராட்டினா பிரிட்டிஷ்காரனுக்கு இனிக்கத்தானே செய்யும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாட்டில் பாராட்டு பிரிட்டனுக்குப் போகவில்லை. ஒரு நாட்டுக்குள் அதன் சம்மதம் இல்லாமல் நுழைவது அநியாயம் என்று பெல்ஜியத்துக்குச் சொன்னால், அதே நியாயம் இந்தியாவுக்கும் பொருந்தும். தட்டிக்கொடுக்க வரும் பிரிட்டிஷ்காரன் கையையும் அது சுடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே பெல்ஜியத்தின் மன்னர் லியோபோல்டின் ஆட்சியில்தான் ஆப்பிரிக்காவின் காங்கோ மக்கள் ரப்பருக்காகக் கொடூரமாக வதைக்கப்பட்டார்கள். பாரதியின் பாட்டில் காங்கோ இல்லை. அவர் அளந்த அதே கோலை நாம் பெல்ஜியத்தின் மேலும் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு ஒப்பீடு. ஜெர்மனியின் பெரிய எழுத்தாளர் தாமஸ் மன், 1929-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஃபாசிசத்துக்கு எதிராக மக்களாட்சிக்காகப் பேசிய அகதி எழுத்தாளர் என்றால் உலகமே முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று. ஹிட்லர் வந்த 1933-லிருந்து நாடு திரும்பவில்லை. 1936-ல் குடியுரிமை பறிபோனது. அமெரிக்காவில் இருந்துகொண்டு 1940 முதல் பிபிசி வானொலி வழியாகச் சொந்த நாட்டு மக்களோடு மாதாமாதம் பேசினார். ஜெர்மனியில் அதைக் கேட்பதே குற்றம். நம்ம உடையார்பாளையம் வாத்தியார் நிலைமைதான்!

ஆனால் 1914-ல் இதே தாமஸ் மன் எந்தப் பக்கம் தெரியுமா? ஜெர்மன் பேரரசர் கெய்சரின் போரை ஆதரித்துக் கட்டுரை எழுதிய பக்கம். 1922-ல்தான் குடியரசை ஆதரித்து வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். மனம் மாறியது பெரிய விஷயம், அதற்காக அவர் கொடுத்த விலையும் பெரியது. ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய மூளைகள் பல சொந்த நாட்டின் போர் முரசில் மயங்கிக் கிடந்த நேரத்தில், புதுச்சேரியின் ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் ஒரு தமிழ்க் கவிஞர் தடுமாறாமல் இருந்தார்.

1917-ல் ரஷ்யாவில் ஜார் மன்னர் ஆட்சி கவிழ்ந்தது. பாரதி 'புதிய ருஷ்யா' என்று கொண்டாடிப் பாடினார். குடிமக்கள் சொன்னபடி குடிமக்கள் வாழும் ஆட்சி என்பதுதான் அவருக்கு அதில் சந்தோஷம். ஆனால் அதோடு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பின்னால் எழுதிய கட்டுரையில், செல்வத்தைப் பொதுவாக்கும் லட்சியம் சரி, ஆனால் கொன்று கொண்டுவருவது நிலைக்காது, லெனின் போகும் அந்த வழி சரியில்லை என்று வாதாடினார். தனக்குப் பிடித்த தரப்பிடமும் அதே கேள்வி. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, இதுதான் அவரிடம் கற்றுக்கொள்ளக் கஷ்டமான பாடம்.

முசோலினி இத்தாலியில் ஆட்சியைப் பிடித்தது 1922 அக்டோபரில். பாரதி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஃபாசிசத்தின் ஆட்சியை அவர் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு உரம் போடும் விஷயங்களைப் பார்த்திருந்தார். ஜனங்களை மந்தையாக நினைக்கும் தலைவன், வேடிக்கை பார்க்கும் கூட்டம், நம்ம ஆள் செய்தால் தப்பில்லை என்ற மனசு. இந்த மூன்றோடும் அவர் அப்போதே சண்டை போட்டுவிட்டார்.

வீட்டுக்குள்ளயும் அதே கேள்வி

மேடையில் மக்களாட்சி, வீட்டில் சர்வாதிகாரம். இந்த டைப் ஆட்களை நீங்கள் நிறைய பார்த்திருப்பீர்கள். பாரதிக்கு இது ஒத்துவரவில்லை. பெண்களுக்குப் படிப்பு வேண்டும், சொத்து வேண்டும், தான் விரும்பியவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்தே கட்டுரை கட்டுரையாக எழுதினார். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குத் தன் கையாலேயே பூணூல் போட்டுவிட்டார். தன் சாதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே செய்தது. பூணூலைக் கொடுப்பதா, பூணூலே வேண்டாம் என்பதா என்று இன்றைக்கு நாம் விவாதிக்கலாம். அன்றைக்கு அது ஊரைப் பகைத்துக்கொள்ளும் காரியம். அங்கே அவரோடு பழகிய கனக சுப்புரத்தினம் என்ற வாத்தியார்தான் பிற்பாடு பாரதிதாசன் ஆனார்.

இதற்கெல்லாம் வார்த்தைகளே அப்போது தமிழில் முழுசாக இல்லை. சபை உறுப்பினரைக் குறிக்கும் மெம்பர் என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ் தேடி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எதுவும் சரிவராமல் அலுத்துப்போய் எழுதியிருக்கிறார். யோசிச்சுப் பாருங்க, உறுப்பினர்னு நாம சாதாரணமா சொல்ற வார்த்தை அவர் கையில இல்லை. மக்களாட்சியைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அதைப் பேசறதுக்கான தமிழையும் சேர்த்தே உருவாக்க வேண்டியிருந்தது.

கடலூர் சிறையும் ஒரு கடிதமும்

பத்து வருஷம் ஓடியது. போர் முடிந்தது. 1918 நவம்பர் 20 அன்று பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். உடனே கைது. கடலூர் சிறை.

அங்கிருந்து சென்னை கவர்னர் பென்ட்லண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசியலை முழுக்க விட்டுவிட்டேன், அரசுக்கு விசுவாசமாக, சட்டத்துக்கு அடங்கி நடப்பேன் என்று அதில் உறுதி சொன்னார். ஆமாம், நம்ம பாரதிதான். அச்சமில்லை என்று பாடியவர்தான்.

இதைப் படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். சிலர் இதை ஒளிப்பார்கள், சிலர் இதை மட்டும் தூக்கிப்பிடித்துக் கேலி செய்வார்கள். இரண்டும் வேண்டாம். பத்து வருஷ வறுமை, உடம்பில் தெம்பில்லை, வளர்ந்துவிட்ட இரண்டு பெண்கள், கடையத்தில் காத்திருக்கும் சொந்தங்கள். ஒரு மனுஷன் ஒடிந்து எழுதிய கடிதம் அது. எழுத்தை நசுக்கும் அரசு கடைசியில் எதிர்பார்ப்பதும் இப்படி ஒரு காகிதத்தைத்தான்.

அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் முயற்சி எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்து டிசம்பரில் வெளியே வந்தார். நிபந்தனைகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கமே இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகே வெளியிட வேண்டும். ஒரு கவிஞர் தன் வரிகளை சிஐடி ஆபீஸுக்கு அனுப்பி வைக்க வேண்டிய நிலை. கடையத்தில் இரண்டு வருஷம். 1920-ல் கட்டுப்பாடு நீங்கி, மறுபடி சென்னை, மறுபடி 'சுதேசமித்திரன்'. திரும்பவும் பழைய நாற்காலி. கடிதத்தில் விட்டதாகச் சொன்ன அரசியல் அவர் கட்டுரைகளில் மெல்லத் திரும்பி வந்தது.

அதிக நாள் இல்லை. திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிவிட்ட அதிர்ச்சி, பிறகு வயிற்று நோய். 1921 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். கடைசி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

செத்த பிறகும் பயம்

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

செல்லம்மாளும் குடும்பத்தாரும் கடன் வாங்கி அவர் பாட்டுகளைப் புத்தகமாக்கினார்கள். அவை ஊர் ஊராகப் பரவின. 1928-ல், பாரதி இறந்து ஏழு வருஷம் கழித்து, முதலில் பர்மா அரசும் அதைப் பின்பற்றிச் சென்னை அரசும் அவர் பாடல் நூல்களைத் தடை செய்து பறிமுதல் பண்ணின. உயிரோடு இருந்தபோது தபாலை நிறுத்தினார்கள். செத்த பிறகு புத்தகத்தைத் தேடி வந்தார்கள்.

அந்த அக்டோபரில் சென்னை சட்டசபையில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு கவிஞரின் பாட்டைப் பாடலாமா கூடாதா என்று சட்டசபை விவாதித்தது. அது நாம் இன்று பார்க்கிற மாதிரி சபை கிடையாது. சொத்து இருப்பவர்கள், வரி கட்டுபவர்கள் மட்டும் ஓட்டுப் போட்ட அரைகுறைச் சபை. நிஜ அதிகாரம் கவர்னர் கையில். ஆனாலும் அந்தச் சபை வாக்கெடுப்பு நடத்தி, தடை தப்பு என்ற பக்கமே பெரும்பான்மையாக நின்றது. மெம்பர் என்ற வார்த்தைக்குத் தமிழ் கிடைக்காமல் தவித்தவருக்காக அந்த மெம்பர்கள் கை தூக்கினார்கள்.

இன்னிக்குப் பெரம்பலூர்லயும் அரியலூர்லயும் 18 வயசு ஆன யாரும் ஓட்டுப் போடலாம். சிமென்ட் ஆலை லாரி டிரைவருக்கும் ஆலை முதலாளிக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். சின்ன வெங்காயம் உரிக்கப் போற அக்காவுக்கும் கலெக்டருக்கும் அதே ஒண்ணு. உடையார்பாளையத்துக்குத் தபால்ல ஒரு பத்திரிகை வந்தா யாரும் ஒளிச்சு வெச்சுப் படிக்க வேண்டியதில்லை.

இது தானா வந்ததில்லைங்க. சீனிவாசன் ஜெயில்ல இருந்தார், செல்லம்மாள் அரிசிக்கு அலைஞ்சாங்க, பாரதி ஒடிஞ்சு போய் ஒரு கடிதம் எழுதற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தார். அடுத்த தடவை யாரோ ஒரு தலைவரை நம்ம ராஜான்னு யாராவது ஸ்டேட்டஸ் போட்டா, தருமனைப் பார்த்து பாரதி கேட்டதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. வீடு யாருது, காவலுக்கு நிக்கிறவர் யாரு?